காஜா எந்தப் பக்கம்

ஜனவரி 9

அண்ணா,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். பிரிக்க மனமில்லாமல் மேசை டிராயரில் போட்டுவிடுவாய் என்றும் தெரியும். அப்படியானால் அண்ணியாவது எடுத்துப் படிக்கட்டும். போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் என் குரலைக் கேட்டு நீ ராங் நம்பர் என்பாய், நானும் ஆமாம் என்று வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

பயப்படாதே, சாகக் கிடக்கவில்லை. முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மேடைக்கு நாலு படி. அந்த நாலு படிக்கு இப்போது இரண்டு மாத்திரை போடுகிறேன். மார்ச் இருபத்தெட்டாம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கிளப் முதலாளியிடம் சொன்னேன். ஒரு பேச்சுக்குக்கூட இருங்களேன் என்று அவர் சொல்லவில்லை. என் இடத்துக்கு வரும் பெண்ணை நானே பார்த்துச் சிபாரிசு செய்தேன். நல்ல குரல், நல்ல முழங்கால்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். காபரே என்றதும் நீ முகத்தைத் திருப்பியிருப்பாய். ஜனங்கள் மேசை மேசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நடுவில் மேடை. நான் பாடுவேன், கொஞ்சம் ஆடுவேன், நிறையக் கிண்டல் பண்ணுவேன். முதல் நாலு வருஷம் அதே கிளப்பில் எச்சில் தட்டு எடுத்தேன். பாட வேண்டியவளுக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. யாராவது ஏறுங்கள் என்றார்கள், ஏறினேன். இறங்க முப்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. ஆம்பிளைக் கோட்டும் தொப்பியுமாக வருவேன். முதல் சரணம் முழுக்க அப்பா மாதிரி நடப்பேன், தோளைத் தூக்கிக்கொண்டு, யாரோ அளவு தப்பாகச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டாவது சரணத்தில் வலக்கையில் மைக், இடக்கையால் ஐந்து பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். ஐந்தாவது கழன்றதும் கோட்டு தரையில் விழும். உள்ளே ஜிகினா வைத்த நீளக் கவுன். சிரித்தவர்கள் அந்த இடத்தில் வாயை மூடுவார்கள். திருநங்கை என்று நோட்டீஸில் போட்டிருக்கும், தெரிந்துதான் வருவார்கள். தெரிந்தாலும் அந்த ஐந்தாவது பட்டனுக்குக் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். இந்த ஊரில் எனக்குப் பெயரே கோட்டுக்காரி.

அந்தக் கோட்டு இற்றுப்போய்விட்டது. தைத்த டெய்லருக்குக் கண் போய்விட்டது. கடைசி நாளுக்கு ஒரு கோட்டு வேண்டும். அதை அப்பாவின் தையல்கடையில் உட்கார்ந்து நீ தைக்க வேண்டும் என்று ஆசை. மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, தோள் பதினாறரை, கை இருபத்து மூன்று.

முடியாது என்றாலும் ஒரு வரி எழுது. அண்ணிக்கு என் அன்பு.

உன் கூடப்பிறந்தது


ஜனவரி 21

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே அண்ணிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

நீ கொடுத்த அளவு எதுவும் சரியில்லை. இடுப்பு முப்பது என்கிறாய். பழைய அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது வயதில் உனக்கு இருபத்தொன்பதரை. இப்போது ஐம்பத்தேழு. அரை அங்குலம்தான் கூடியிருக்கிறது என்றால் என்னை என்ன என்று நினைத்தாய்? மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த அளவு அது. மூச்சை விட்டு, வேறு யாரையாவது எடுக்கச் சொல்லி, மறுபடி எழுது. வயிற்றைச் சுற்றியும் ஒரு அளவு வேண்டும்.

கோட்டு தைப்பது என் தொழில், தைத்துத் தருகிறேன். அதற்கு உள்ளே என்ன போடுகிறாய் என்பது எனக்கு வேண்டாத விஷயம். உறையில் கிளப்பின் பெயரைப் போடாதே. தபால்காரர் அக்கம்பக்கத்தில் நின்று பேசுகிறவர்.

நீ முப்பத்து நாலு வருஷத்தைப் பற்றி எழுதினாய். நானும் ஒன்று எழுதுகிறேன். அப்பா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் போட்டது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நானும் அண்ணியும். போனது நீ, இருந்தது நான். இருப்பதும் லேசான வேலை இல்லை.

துணி கறுப்பா, கருநீலமா?

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

கறுப்பு.

தம்பிக்கு என்று எழுதியிருந்தாய். கோபமில்லை. அந்த வார்த்தைக்கு முன்னால் பேனாவை ஊன்றி எடுத்த புள்ளி ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறாய். அதுவே போதும் என்று சொல்ல ஆசைதான். போதவில்லை.

அளவு நோட்டில் என் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாய் என்பதைப் படித்துவிட்டு மேக்கப் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் இல்லாத அறை அது. ஒரு டியூப்லைட், அதுவும் பாதி நேரம் கண்ணடிக்கும். எனக்கு மேக்கப் போடும் அம்மாள் என்ன ஆச்சு என்று கேட்டாள். எங்க அண்ணன் என்னைக் குண்டு என்று எழுதியிருக்கிறார் என்றேன். உண்மையைத்தானே எழுதியிருக்கிறார் என்று இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மூச்சை விட்டேன். மார்பு நாற்பது. இடுப்பு முப்பத்தேழு. வயிறு முப்பத்தொன்பது. இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று.

நீ அப்பாவைப் பார்த்துக்கொண்டதை நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் துடைத்திருப்பேன். கூப்பிடவில்லை. அவர் போன செய்தியே எனக்கு மூன்றாம் மனிதர் மூலம், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. அதைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை. அலுத்துப்போய்விட்டது அண்ணா. ஒரு காலத்தில் உன்னிடம் சண்டை போட வசனமெல்லாம் தயார் பண்ணி, முகம் கழுவும்போது கண்ணாடியில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். இப்போது முகம் கழுவினால் முகம் கழுவுகிறேன்.

மேடைக்கும் அலுத்துவிட்டது. முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தார்கள், பிறகு பாட்டுக்கு வந்தார்கள், இப்போது படம் எடுக்க வருகிறார்கள். மூன்றிலும் எனக்கு ஒரே முழங்கால்தான்.

கோட்டுக்கு ஐந்து பட்டன், பெரிய பட்டன். தோளில் பேட் வை. பட்டன் நுழைகிற காஜா எந்தப் பக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் கூடப்பிறந்தது


பிப்ரவரி 24

கோட்டு பார்சலில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

தோளை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். உனக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. டேப்பில் அது வராது. நோட்டில் அப்பா ஓரமாகக் குறித்திருந்தார். பார்த்து வலப்பக்கம் கால் அங்குலம் கூடுதலாக பேட் வைத்திருக்கிறேன். லைனிங் வழுக்கும் துணி, கழற்றினால் தானாக விழும். இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டிருக்கிறேன். சாப்பாட்டைக் குறைக்காதே.

பிடித்ததா என்று எழுது.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

கோட்டு வந்தது. போட்டுப் பார்த்தேன். தோள் அப்படியே உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் எந்த டெய்லரும் என் வலது தோளைக் கண்டுபிடித்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன், மேக்கப் அம்மாளுக்கு வேலை இரண்டு தடவையாயிற்று.

பிறகு ஒத்திகைக்கு ஏறினேன். இரண்டாவது சரணம். இடக்கை பட்டனுக்குப் போனது. பட்டன் இல்லை. துணியின் விளிம்பே அங்கே இல்லை. குடித்துவிட்டு வந்தவன் பூட்டைத் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டு நின்றேன். டிரம்ஸ்காரர் எனக்காக அதே தாளத்தை எட்டுத் தடவை வாசித்தார். பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

காஜாவை இடப்பக்கம் வைத்திருக்கிறாய். ஆண் சட்டைக்கு வைக்கிற பக்கம்.

வேண்டுமென்றே செய்தாயா? ஆமாம் என்றாலும் சொல், எனக்குத் தாங்கும். தோளைத் திருத்தலாம், கையைச் சுருக்கலாம். காஜா வெட்டின துணியை மூட முடியாது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

நீ மறந்திருக்கலாம் என்று நினைக்கத்தான் ஆசை. ஆகவே எழுதிவிடுகிறேன். எனக்குப் பத்தொன்பது, உனக்கு இருபத்திரண்டு. வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணி. எனக்கு ஒரு சட்டை வேண்டும், ஆனால் காஜா வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். பொம்பிளைச் சட்டைப் பக்கம். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். ஏன் என்று கேட்கவில்லை. அப்பா வெளியே போயிருந்தபோது ஏழு காஜாவும் எடுத்துக் கொடுத்தாய். உலகத்திலேயே என்னிடம் ஏன் என்று கேட்காத முதல் ஆள் நீ.

மூன்றாம் நாள் அது கொடியில் காய்ந்தது. அப்பா தெருவிலிருந்தே பார்த்துவிட்டார். டெய்லர் கண். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இது யார் வேலை என்று கேட்டார். நீ மெஷினில் உட்கார்ந்திருந்தாய். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் தைத்தேன் என்றேன். எனக்குக் காஜா எடுக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அப்பா கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை நடுவில் வெட்டிவிட்டு, வெளியே போ என்றார். மெஷின் அப்போதும் நிற்கவில்லை. தெருமுனை வரை எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அப்பா இறந்த பிறகு வந்தேன், உனக்குத் தெரியும். கடைக்கு எதிர்ச் சாரியில் நின்றேன். பட்டப்பகல். நீ என்னைப் பார்த்தாய். எழுந்து வருகிறாய் என்று நினைத்து இரண்டு அடி எடுத்து வைத்தேன். நீ ஷட்டரை இழுத்துவிட்டாய். பதினோரு வருஷம் ஆகிறது. அதைக்கூட விழுங்கிவிட்டேன். இந்தக் காஜாவை என்னால் விழுங்க முடியவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து இல்லை.


மார்ச் 12

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் அண்ணி வாங்கித் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். ஆம்பிளைக் கோட்டு என்றும் எழுதியிருந்தாய். கோட்டு என்றால் இடப்பக்கம்தானே என்று கை போய்விட்டது. நாற்பது வருஷமாக என் கை வேறு பக்கம் போனது ஒரே தடவைதான். அதைத்தான் நீ சொல்கிறாய் என்று எனக்கு உறைக்கவில்லை. பார்சல் கட்டும்போது அண்ணி, காஜா இவங்களுக்கு எந்தப் பக்கம்னு கேட்டீங்களா என்றாள். கோட்டு கோட்டுதான் என்றேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு சாப்பாட்டுக்கு மட்டும் பேசுகிறாள்.

மறக்கவில்லை. அன்றைக்கு மெஷினை நிறுத்தினால் அப்பா என் பக்கம் திரும்புவார் என்று பயந்தேன். ஊசிக்குக் கீழே துணி இல்லை. வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். நீ தெருமுனை தாண்டின பிறகும் மிதித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அது என் வேலை என்று தெரியும். என் காஜாவில் கடைசியில் இரண்டு தையல் கூடுதலாக இருக்கும், அவரே திட்டித் திட்டி அலுத்தது. அடுத்த நாளிலிருந்து எனக்குக் காஜா வேலை கொடுக்கவில்லை. கை நடுங்க ஆரம்பிக்கும்வரை கடையின் எல்லாக் காஜாவையும் அவரே எடுத்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வருஷம். உன்னை அனுப்பிவிட்டு என்னை வைத்துக்கொண்டார், அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நீ எதிர்ச் சாரியில் நின்றபோது உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை. அதனால்தான் ஷட்டர். அக்கம்பக்கத்துக்குப் பயந்து என்று நீ நினைத்திருப்பாய். அதுவும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

துணி மிச்சம் இருக்கிறது. முன்பக்கம் இரண்டையும் புதிதாக வெட்டி மாற்றித் தருகிறேன். கோட்டை உடனே அனுப்பு.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

அனுப்பவில்லை. தபால் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். அதற்குள் இருபத்தெட்டு வந்துவிடும்.

மைக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். வலக்கையால் பட்டனைக் கழற்றப் பழகுகிறேன். சாப்பிடும்போது, தண்ணீர் காயும்போது, எங்கே உட்கார்ந்தாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு கழற்றுகிறேன். மூன்றாவது பட்டன் மட்டும் முரண்டு பிடிக்கிறது. அதிலும் உன் கூடுதல் தையல் இரண்டு இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். திட்டலாம் என்றுதான் தடவினேன்.

அப்பாவுக்குத் தெரியும் என்று எழுதியதை இன்னும் என்னால் ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. வெளியே போனவள் நான், தப்பித்தவளும் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது. நீ அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாய். உன் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நிற்க அதற்குத் தெம்பில்லை, உட்கார்ந்திருக்கிறது.

கடைசி ஆட்டம் அன்றைக்கு மாலை ஏழு மணிக்கு. மேடைக்கு இடப்பக்கம் தூண் ஓரமாக ஒரு சின்ன மேசை இருக்கிறது. உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டாம். காலி நாற்காலி எனக்குப் பழக்கம்தான்.

கூடப்பிறந்தவள்


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

வந்தேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. அந்த விளக்கில் உனக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். முடிந்ததும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றுதான் எழுந்தேன். கால் கதவுப் பக்கம் போய்விட்டது. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

நீ அப்பா மாதிரி நடந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. அவ்வளவு சரியாக இருந்தது. பிறகு சிரித்தேன். அவரைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முதல் பட்டன் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் உன் கை நின்றுவிட்டது. டிரம்ஸ் சுற்றிச் சுற்றி வந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து ஓடி வந்து கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது நீ பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

"இந்தக் கோட்டு எங்க அண்ணன் தைச்சது. தோளைப் பாருங்க, கையைப் பாருங்க, ஒரு குறை சொல்ல முடியாது. காஜா மட்டும் ஆம்பிளைப் பக்கம் வெச்சிட்டார். என்னை எந்தப் பக்கம்னு அவருக்கு இன்னும் பிடிபடலை. கொஞ்சம் பொறுங்க, கத்துக்குவார்."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் என் பக்கம் குனிந்து, "தைச்சவரை இப்படி வாருறாங்களே, பாவம்" என்றார். நான், "அவ சொல்றது சரிதான். தப்பு என்னுது" என்றேன்.

அவ என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்ப்பதற்குள் நீ ஐந்தாவது பட்டனைக் கழற்றிவிட்டாய், கோட்டு விழுந்துவிட்டது. லைனிங் நன்றாகத்தான் வழுக்கியது. அதற்கு மேல் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதை அண்ணியிடம் சொன்னேன். இதைச் சொல்ல முப்பத்தெட்டு வருஷமா என்றாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள்.

நம் கடையில் பெண்களுக்குத் தைப்பதில்லை. அதற்கு அளவு நோட்டு கிடையாது. நேற்று ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் தங்கச்சி என்று தலைப்பு எழுதிவிட்டேன், அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. மற்ற பக்கங்களுக்கு ஆள் வருவார்களோ மாட்டார்களோ, எனக்கு இந்த ஒரு பக்கம் போதும். வெள்ளையில் நீலக் கோடு போட்ட துணியும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏழு காஜா, வலப்பக்கம்.

கடிதத்தில் வரும் அளவை வைத்து இனிமேல் தைக்க மாட்டேன். நேரில் வா. கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஷட்டரை நான்தான் தூக்குவேன்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

பார்த்தேன். விளக்கெல்லாம் சும்மா சொல்வது. முப்பத்து நாலு வருஷமாக எந்த மேசையில் யார் என்று பார்த்துக்கொண்டுதான் பாடுகிறேன். இல்லாத ஆளைப் பற்றி மைக்கில் பேச எனக்கென்ன பைத்தியமா? நீ தலைகுனிந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். மூன்றாவது பட்டன் நிஜமாகவே மாட்டிக்கொண்டது, அதில் நடிப்பில்லை.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருப்பேன், எதிர்ச் சாரியிலிருந்து தெருவைக் கடக்கக் கொஞ்சம் நேரமாகும். பொறுமையாக இரு.

டேப்பை எடுத்து வை. மூச்சை விட்டே நிற்கிறேன்.

தங்கச்சி